சாஆவுக்கு நான் தேர்ந்த வழி

கும்பகோணத்தில் என் முகத்தை அறியாதவர்கள் இருக்கலாம். என் கையெழுத்தை அறியாதவர்கள் குறைவு. வட்டாரப் போக்குவரத்து அலுவலராகப் பணி ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன் நெடுங்காலம் மோட்டார் வாகன ஆய்வாளராக மைதானத்தில் நின்று, வந்தவர்களையெல்லாம் எட்டுப் போடச் சொல்லி, காலை ஊன்றியவர்களைத் திருப்பி அனுப்பியவன். பெரிய இடத்துப் பிள்ளை என்பதற்காக ஊன்றிய காலை நான் பார்க்காமல் விட்டதில்லை. கல்லூரியில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றேன். என் சொந்த வாகனத்தில் இன்றுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. அயல்நாட்டில் வாடகைக்குக் கார் எடுத்து ஓட்டியவன் எப்படிப்பட்டவன் என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை விசாலாட்சி மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சாஆ என்ற சிற்றூரை ஒட்டிய, செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய ஒரே மகள் தர்ஷினிக்குத் தோட்டத்துக் கோயிலில் திருமணம். அந்தக் குடும்ப வழக்கப்படி, தாய்மாமன் பெண்ணுக்கு மாலையிட்டுக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டும். விசாலாட்சிக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவனே. காதுகுத்து, சடங்கு என்று அந்த வீட்டில் நடந்த எதற்கும் அரசுப் பணி என்னை விட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அவள் கணவரின் அண்ணன் வேலாயுதம், "உங்கண்ணனுக்கு ஊர்ல ரொம்ப வேல போல" என்று பந்தலில் நாலு பேர் கேட்கும்படி சொல்வாராம். இம்முறையும் அவள் அதைக் கேட்க நேர்ந்தால், பிறந்த வீடு என்று ஒன்று தனக்கு இருப்பதாக அவள் அந்தக் குடும்பத்தில் இனிச் சொல்லிக்கொள்ள முடியாது.

வேலாயுதம் சரக்கு லாரிகள் வைத்திருப்பவர். அங்கே லோரி என்பார்கள்; சாலையைச் சடக்கு என்பார்கள். நானும் என் மனைவி கமலமும் ஜொகூர் பாருவில் இறங்கிய அன்றே அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"மச்சான், வேன் அனுப்பறேன். புது ஊரு, தோட்டத்துச் சடக்கு. உள்ள போயி மாட்டிக்கிட்டீங்கன்னா செம்பனை மரத்த எண்ணிக்கிட்டு நிக்கணும்."

"தேவையில்லை. நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன்" என்றேன்.

"ஓட்டுவீங்க, யாரு இல்லேன்னா? எங்க ஓட்டிக்கிட்டுப் போவீங்கங்கறதுதான் கேள்வி. சரி, நேரத்துக்கு வர முடியலன்னாலும் கவலப்படாதீங்க. பெரியப்பான்னு நான் ஒருத்தன் இருக்கேன்ல? மாலைய நானே போட்டுக் கூட்டிட்டு வந்துடறேன்."

தாய்மாமன் என்பவன் பொட்டலம்போல் வேனில் ஏற்றி இறக்கப்படக் கூடாது. நானே ஓட்டுவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். மற்றவர்களுக்கு நான் கையொப்பமிட்டுக் கொடுத்துவந்த அனைத்துநாட்டு ஓட்டுநர் அனுமதி, இம்முறை எனக்கு அடுத்து வந்த அலுவலரின் கையொப்பத்துடன் என் சட்டைப் பையில் இருந்தது. மலேசியாவிலும் சாலையின் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள். எஞ்சி நின்றது ஒரே கேள்வி: வழி காட்டுவது எது?

வாடகைக் கார் நிலையத்தில் இருந்த செல்வி என்ற பெண் அதை ஒரு கேள்வியாகவே நினைக்கவில்லை.

"போன்லயே மேப் போட்டுட்டுப் போலாம் லா, அங்கிள். அதுவே பேசும்."

"அச்சடித்த வரைபடம் இருக்கிறதா?"

அவள் பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண்ணிடம் ஏதோ சொல்ல, இருவரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். "பேப்பர் மேப் எங்கப்பா காருல இருந்துச்சி, அங்கிள். அவரும் அதுல பிசாங் கோரிங் மடிச்சி வெச்சிட்டாரு." பிசாங் கோரிங் என்றால் வாழைக்காய் பஜ்ஜிக்கு உறவான ஒரு வாழைப்பழப் பொரியல்.

யார் சொல்வதையும் அப்படியே ஏற்பது என் தொழிலில் கிடையாது. வாகனம் ஓட்டத் தெரியும் என்று சொன்னவனை ஓட்டிக் காட்டச் சொல்வதுபோல, வழி தெரியும் என்று சொல்லும் கருவிகளையும் சோதிக்க வேண்டும். திருமணத்துக்கு முன் கைவசம் இருந்த நாள்களை அதற்கென்று ஒதுக்கினேன். கமலம் கடைத்தெருவுக்குப் போகலாம் என்றாள். சோதனை முடியட்டும் என்றேன்.

முதல் நாள் தொலைபேசியின் முறை. பொந்தியானை நோக்கிப் புறப்பட்டோம். அந்நாட்டு வாகன ஓட்டிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: ஒலிப்பான் என்று ஒன்று இருப்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள். சுங்கச் சாவடியில் நான் அட்டையை எந்திரத்தின் தவறான இடத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் கார்கள் வரிசைகட்டி நின்றன. ஒரு சத்தம் இல்லை. நம் ஊரில் அந்நேரம் என் முன்னோர்களை எல்லாம் எழுப்பியிருப்பார்கள். பின்காரில் இருந்த சீனர் ஒருவர் இறங்கி வந்து, என் கையைப் பிடித்து அட்டையை உரிய இடத்தில் வைத்துவிட்டு, தலையசைத்துப் போனார்.

தொலைபேசிக்குள் இருந்த பெண்குரல் மலாய்ப் பெயர்களை ஆங்கிலேயச் சீமாட்டியின் நாக்கால் உச்சரித்தது. சாலையின் பெயரை அவள் சொல்லி முடிப்பதற்குள் சாலையே முடிந்துவிடும். ஆயினும் நீதி தவறாமல் சொல்கிறேன்: பொந்தியானுக்கு எங்களைச் சரியாகவே கொண்டு சேர்த்தாள். வழியெல்லாம் கரிய மண்ணில் அன்னாசித் தோட்டங்கள், அவற்றின் நடுவே தேநீர் நிறத்தில் கால்வாய்கள். கடற்கரையை அடுத்த கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நம் புரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம்; ஆனால் கைபட்டவுடன் உதிரும் நளினம் அக்காளுக்கு இல்லை. கடைக்காரர் தமிழ் முஸ்லிம்.

"ஐயாவுக்கு எந்தூரு?"

"கும்பகோணம்."

"நமக்குக் கடையநல்லூரு. அத்தா காலத்துல வந்தது. அங்க காப்பி நல்லாருக்குமாமே? இங்க எவ்வளவு ஆத்துனாலும் தேத்தண்ணிதான்."

திரும்பும்போதுதான் குறை வெளிப்பட்டது. ஜொகூர் பாருவை நெருங்கும் இடத்தில் சாலை பல கிளைகளாகப் பிரிகிறது. தவறான கிளையில் ஏறினால் சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில்தான் நிற்க வேண்டும். கடவுச்சீட்டுகளோ விடுதி அறையில். சரியாக அந்த இடத்தில் திரையிலிருந்து வரைபடம் மறைந்தது. வேலாயுதத்தின் பெயர் தோன்றியது.

"மச்சான், எங்க இருக்கீங்க?" என்றது ஒலிபெருக்கி.

அதைத்தான் நானும் தெரிந்துகொள்ள விரும்பினேன். கமலம் அழைப்பைத் துண்டிக்கப் போய்க் கைவிளக்கை ஏற்றிவிட்டாள். நான் திரையை விட்டுக் கண்ணை எடுத்து, தலைக்குமேல் தொங்கிய பலகையைப் படித்து, உரிய கிளையில் வண்டியைத் திருப்பினேன். பின்னால் வந்தவர்கள் வழிவிட்டார்கள். பலகையைப் படிக்கத் தெரிந்தவனைப் பாலம் ஒன்றும் செய்துவிட முடியாது. தொலைபேசிக்கு நான் அளித்த முடிவு: திறமை உண்டு, பொறுப்பு இல்லை.

மறுநாள் அச்சு வரைபடத்தின் முறை. எழுதுபொருள் கடை ஒன்றின் அடித்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். கோத்தா திங்கிக்குப் போவதாகத் திட்டம். கமலம் அதை மடியில் விரித்தாள். காரின் முன்பாதி முழுவதும் ஜொகூர் மாநிலம் ஆயிற்று.

"நாம இப்ப எந்த மடிப்புல இருக்கோம்?" என்று கேட்டாள்.

"மடிப்பைப் பார்க்காதே, சாலை எண்ணைப் பார்."

"எண்ணு மடிப்புக்குள்ளதான் இருக்கு."

கோத்தா திங்கிக்கு அருகே மழை கொட்டியது. வரைபடத்தில் மெல்லிய சிவப்புக் கோடாகக் கிடந்த சாலை, நேரில் பழுப்புத் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. ஆறு ஏறிவிட்டால் அந்த ஊர் அப்படித்தானாம். மழைச்சட்டையோடு நின்றிருந்த தமிழர் ஒருவர் காரை நிறுத்தச் சொல்லிக் கையசைத்தார்.

"அந்தப் பக்கம் போவாதீங்கையா, தண்ணி ஏறிடுச்சி. சிம்பாங்ல கீரி எடுத்து, அப்புறம் நேரா தெரூஸ் போங்க." சிம்பாங் என்றால் சந்தி, கீரி என்றால் இடப்பக்கம், தெரூஸ் என்றால் நேராக. விளக்கத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கமலம் மடியில் இருந்த மாநிலத்தைக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார். "யம்மா, இதுல மழ எங்க இருக்கு?"

வரைபடத்துக்கு என் முடிவு: நேர்மை உண்டு, நாட்டுநடப்பு தெரியாது.

அன்று மாலை விடுதியில் கமலத்திடம் என் ஏற்பாட்டை அறிவித்தேன். சாலையோரப் பலகைக்கு முதலிடம். அதற்கு அடுத்தது அச்சு வரைபடம். தொலைபேசி வாயை மூடிக்கொண்டு அவள் கையில் சாட்சியாக இருக்கும். கேட்டால் மட்டும் சொல்லும். மூன்றும் கைவிட்டால், நின்று கேட்பது. கேட்பதில் தாழ்வு இல்லை, ஓடும் வண்டியில் தலையை நீட்டிக் கேட்பதுதான் தாழ்வு.

"இத்தனையையும் பார்த்துட்டு ரோட்ட யாரு பாக்கறது?" என்றாள் கமலம். இல்லறத்தில் சில கேள்விகளைப் பதிலுக்காகக் கேட்பதில்லை.

திருமண நாள் காலை, பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் அணிந்து காரில் ஏறினேன். பின்னிருக்கையில் பித்தளைத் தட்டுகளில் சீர்: பட்டுப்புடவை, தேங்காய், மஞ்சள், வெல்லம், பழங்கள். முகூர்த்தம் உச்சிப்பொழுதுக்கு முன். விசாலாட்சி முந்தின இரவே தொலைபேசியில் சொல்லியிருந்தாள்: "அண்ணே, சாஆ தாண்டிட்டீங்கன்னா தோட்டத்து முனையிலேருந்து வழி தெரியறாப்ல கல்யாண அடையாளம் வெச்சிருப்பாங்க. அதப் பாத்தே வந்துடலாம்." குரலைத் தாழ்த்தி, "வந்துடுவீங்கல்ல?" என்றும் கேட்டாள்.

சாஆ வரையில் என் ஏற்பாடு ஓர் இடத்திலும் பிசகவில்லை. பலகைகள் சொன்னதை வரைபடம் ஒப்புக்கொண்டது, தொலைபேசி மறுக்கவில்லை. ஊரைத் தாண்டிச் செம்பனைக்குள் நுழைந்த பிறகுதான் நிலைமை மாறியது. இருபுறமும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், ஒரே முகத்தோடு மரங்கள். பலகைகள் நின்றுவிட்டன. அச்சு வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சை. தொலைபேசியிலும் அதே பச்சை. அதன் நடுவே நகராத ஒரு நீலப் புள்ளி. அலைவரிசை போய்விட்டது. கேட்பதற்கோ ஆள் இல்லை.

அப்போது ஒரு சந்தியில் அதைப் பார்த்தோம். நெடிய கழி ஒன்று. அதன் உச்சியிலிருந்து ஜிகினாத் தாள் சுற்றிய குச்சிகள் தென்னம்பாளையைப் போல நாலாபுறமும் வளைந்து, பொன்னும் சிவப்புமாகக் காற்றில் மின்னின.

"இதுதாங்க!" என்றாள் கமலம். "வாழமரம் கெடைக்காம ஜிகினாவுல பண்ணிருக்காங்க போல. இங்க பூ, தோரணம் எல்லாமே பிளாஸ்டிக்குன்னு விசாலம் சொல்லுவாளே."

நானும் அதை ஆராய்ந்தேன். பாளை என்பது நம் மங்கலப் பொருள். சந்தியில் நட்டிருக்கிறது. அடுத்த திருப்பத்தில் இன்னொன்று தெரிகிறது. கல்யாண வீட்டுக்கு வழி காட்டுவதல்லாமல் வேறு எதற்கு அது? என் தீர்ப்பில் இன்றும் பிழை காணேன். அது கல்யாண வீட்டுக்குத்தான் வழி காட்டியது.

கழிக்குக் கழி தொடர்ந்து சென்று, பெரிய பந்தல் ஒன்றின் முன் காரை நிறுத்தினேன். ஒரே முயற்சியில், பின்னோக்கி, இரண்டு வாகனங்களுக்கு இடையே நிறுத்தினேன் என்பதையும் குறிப்பிட வேண்டும். நிறுத்தி முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். வண்ணச் சட்டையும் இடுப்பில் சரிகைத் துணியும் அணிந்த ஆண்கள் என் கையைத் தொட்டுத் தங்கள் நெஞ்சில் வைத்து வரவேற்றார்கள். பெண்கள் சிரித்துக்கொண்டே பின்கதவைத் திறந்து, சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே எடுத்துச் சென்றார்கள்.

"ஏங்க, தட்ட எங்க கொண்டு போறாங்க?" என்றாள் கமலம்.

உள்ளே மேடையருகே அலங்கரித்த தட்டுகள் பல வரிசையாக இருந்தன. எங்கள் தட்டுகளை அவற்றின் நடுவில், கண்ணுக்கு முதலில் படும்படி வைத்தார்கள். என்னை முன்வரிசை நாற்காலியில் அமர்த்தினார்கள். மேளத்தைத் தேடினேன். வட்டப் பறைகளை மடியில் வைத்துக்கொண்டு சிலர் அமர்ந்திருந்தார்கள். நாதஸ்வரம் இல்லை. புரோகிதரும் இல்லை.

சேலை கட்டிய ஓர் அம்மையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்தார். அக்கம்பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை என்று பிறகு தெரிந்தது.

"ஐயா, நீங்க பொண்ணு வீட்டுப் பக்கமா, மாப்ள வீட்டுப் பக்கமா?"

"பெண்ணுக்குத் தாய்மாமன்" என்றேன்.

அவர் மேடையைப் பார்த்தார். என் விபூதியைப் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அலமாக்! ஐயா, இது ஹாஜி வீட்டுக் கல்யாணம். அந்த ஜிகினாப் பாளைக்குப் பேரு புங்கா மங்கார். மலாய்க்காரங்கதான் வழிக்கு நடுவாங்க. நம்ம ஆளுங்க அம்பு போட்ட போர்டுதான் வைப்பாங்க. உங்க கல்யாணம் அடுத்த தோட்டத்துக் கோயில்ல."

நான் எழுந்து நின்றேன். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அடுத்த தோட்டம் எந்தப் பக்கம் என்பது எனக்குத் தெரியாது. அங்கே மாலையோடு யார் காத்திருக்கிறார் என்பது தெரியும்.

ஆசிரியை பெண்ணின் தந்தையிடம் போய் விவரம் சொன்னார். வெள்ளைத் தொப்பி அணிந்த அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை என்றும் மறக்கமாட்டேன். என்னை நோக்கி வந்து சொன்னதை ஆசிரியை மொழிபெயர்த்தார்: "கல்யாணத்துக்குன்னு கிளம்பி வந்தவங்க. வாய் நனைக்காம அனுப்பினா எங்க பொண்ணுக்கு நல்லதில்லையாம்." ரோஜா நிறத்தில் ஒரு குவளை சர்பத் கொடுத்தார்கள். நின்றபடி அருந்தினேன். தட்டுகளைத் திருப்பிக் கொடுத்த பெண்கள், அவற்றின்மேல் காகிதப் பூ செருகிய அவித்த முட்டை ஒன்றையும் வைத்தார்கள். விருந்தினருக்கு அது அவர்கள் மரியாதை. நான் என் தட்டிலிருந்து தேங்காய் ஒன்றையும் வெற்றிலையையும் எடுத்து, மணமகளின் தந்தை கையில் கொடுத்தேன். அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

பெரியவரின் தம்பி, என் வயதை ஒத்தவர், மோட்டார் சைக்கிளை எடுத்தார். மிச்சமிருந்த புங்கா மங்கார் ஒன்றைச் சாலைமுனையில் நடுவதற்காக வண்டியின் பின்னால் நிமிர்த்திக் கட்டி வைத்திருந்தார். அதை அவிழ்க்க நேரமில்லை. அவர் முன்னே போக, நான் பின்னே ஓட்டினேன். வளைவுகளில் வேகம் குறைத்துக் கைகாட்டித் திரும்பினார். முறையான ஓட்டுநர், என் மைதானத்துக்கு வந்திருந்தால் முதல் முறையிலேயே தேர்ச்சி. வழியில் ஒரு சந்தியில், காலை மழையில் சாய்ந்து வாய்க்காலுக்குள் பாதி முழுகி ஒரு பலகை கிடந்தது. அம்புக்குறியின் முனையும் தர்ஷினியின் பெயரில் பாதியும் தெரிந்தன. அதை நட்டவர்கள் வேலாயுதத்தின் ஆள்கள் என்று பிறகு தெரிந்தது.

கோயில் வாசலில் இருந்தவர்கள் முதலில் கண்டது காற்றில் மின்னி வரும் பொற்பாளையை. அதற்குப் பின்னால் வெள்ளைக் காரை. மாப்பிள்ளை வீட்டார்தான் வருகிறார்கள் என்று எண்ணி நாதஸ்வரக்காரர் எடுத்து ஊதிவிட்டார். நான் இறங்கினேன்.

மணப்பெண் இருந்த அறையின் வாசலில் விசாலாட்சி கதவை மறித்து நின்றாள். எதிரே, கையில் மாலையோடு வேலாயுதம்.

"என்னா மச்சான்," என்றார், "மலாய்க்காரன் ஊர்வலத்தோட வர்றீங்க?"

"தாய்மாமன் வந்தால் ஊர்வலத்தோடுதான் வருவான்" என்றேன்.

கூட்டத்தில் ஒரு பெண் சிரித்தாள். "அப்படிப் போடு!" என்றார் யாரோ. விசாலாட்சி என்னைப் பார்த்தாள். வேலாயுதத்தின் பக்கம் திரும்பி, அந்தக் குடும்பத்தில் அவள் அதுவரை பேசியிராத குரலில், "அத்தான், மாலய எங்கண்ணன் கையில குடுங்க" என்றாள்.

புரோகிதர் உள்ளிருந்து பெண்ணை அழைத்துவரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

பிற்பகல் பந்தியில் மோட்டார் சைக்கிள்காரரை என் அருகில் உட்காரவைத்தேன். சாம்பாரை அவர் பாயசத்தோடு கலந்து உண்டார், நான் திருத்தவில்லை. விடைபெறும்போது விசாலாட்சி கார்க் கதவு வரை வந்து, "போகும்போது எதப் பாத்துப் போவீங்கண்ணே?" என்று கேட்டாள். "பலகையைப் பார்த்து" என்றேன். அவ்வாறே போனேன்.

வேலாயுதம் இப்போது இரு நாட்டு உறவினர்களுக்கும் தொலைபேசியில் ஒரு கதை சொல்லிவருகிறார். ஓய்வூதியர் சங்கத்தில் நண்பர் ஒருவர் என்னிடமே, "மலாய்க் கல்யாணத்துல பிரியாணி எப்படி சார்?" என்று கேட்டார். ஆகவே எழுத்தில் வைக்கிறேன். அந்த வீட்டில் நான் உணவு உண்ணவில்லை. ஒரு குவளை சர்பத் அருந்தினேன். முகூர்த்தம் எனக்காகத் தள்ளிவைக்கப்படவில்லை. புரோகிதர் பெண்ணை அழைத்தபோது நான் வாசலில் இருந்தேன். எனக்குப் பதிலாகத் தாமே மாலையிட்டதாக வேலாயுதம் சொல்வதும் சரியன்று. மாலை அவர் கையில் இருந்தது. அதை என்னிடம் கொடுத்தார். தர்ஷினிக்கு மாலையிட்டுக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துச் சென்றவன் நான்.